முதல் வாரமே பிரிக்கப்பட்ட மேடை

அன்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் மகளின் இருமலும் தணிந்தனவா என்று மறவாமல் தெரிவியுங்கள்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் மேடைத் தொழில்நுட்ப வகுப்புக்கு நான் வகுத்த பாடத்திட்டம் ஏற்கப்பட்டால்தான் இவ்வேலை நிலைக்கும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? நேற்று அதைப் புரட்டிய தலைமையாசிரியை திகைத்துவிட்டார்.

"என்னம்மா இது, முதல் வாரமே மேடையப் பிரிக்கிறதா? இன்னும் கட்டவே இல்லையே!"

நாடக நாளிலிருந்து பின்னோக்கி நாள் குறிப்பது, மேடை அமைக்கும் என்னைப் போன்றோரின் வழக்கம். அப்பழக்கத்தில் ஆண்டு முழுவதையும் தலைகீழாக எழுதிவிட்டேன்! பட்டம் பெறாதவள் என்பது இதில் வெளிப்பட்டுவிட்டதென்றே எண்ணினேன்.

"கடைசிப் பக்கத்துலேருந்து படிங்க மேடம்," என்றேன்.

படித்தார், சிரித்தார். "எல்லாரும் ஆரம்பிக்கிறதத்தான் யோசிப்பாங்க. நீங்க முடிக்கிறதையும் யோசிச்சிருக்கீங்க," என்று கையொப்பமிட்டார்.

நம் வீட்டு அளவுநாடாவை அனுப்பிவையுங்கள். இங்கும் கிடைக்கும்; ஆயினும் அதையே அனுப்புங்கள். அனுப்புமுன் மகளின் உயரத்தை அளந்து அதிலேயே குறியிடுங்கள்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. ஊர் திரும்ப நேருமோ என்றஞ்சிக் கட்டிவைத்திருந்த பெட்டியிலிருந்து புடவைகளை இன்று காலைதான் அலமாரிக்கு மாற்றினேன்.

இப்படிக்கு,
ஆசிரியையாகிவிட்ட உங்கள் மனைவி