இழுத்தால் பிரியும் வால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மா என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு தூங்காமல் நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பார்சலில் இந்தக் கடிதத்தை வாலுக்கு மேலே வைத்திருக்கிறேன், ஆனாலும் நீ முதலில் வாலைத்தான் உதறிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொள், ஆனால் இதைப் படித்து முடிக்காமல் காலில் மாட்டாதே. போனில் சொல்லலாம் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ சிரித்துவிடுவாய், எனக்குச் சொல்ல வந்ததே மறந்துபோகும்.

துணி கிடைக்கவில்லை என்று போன வாரம் உன்னிடம் சொன்னேனே, அது பொய். துணி கிடைத்தது, வெட்டி, ஒரு வாலும் தைத்து முடித்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று பிறகு சொல்கிறேன். நீ அந்த மீன் காட்சியகத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டு, மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு இருந்தவரை நான் நிம்மதியாக இருந்தேன். விடுமுறை நாட்களில் கடற்கன்னியாக அந்தத் தொட்டிக்குள்ளேயே நீந்தப்போகிறேன், கடையில் விற்கிற வால் கல்லாகக் கனக்கிறது, நீங்களே தைத்துக் கொடுங்கள், மாதக் கடைசிக்குள் வால் வராவிட்டால் வேறொருத்திக்கு அந்த வேலை போய்விடும் என்று நீ சொன்ன அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு காலையும் ஒரே பைக்குள் விட்டுக்கொண்டு ஆழத்தில் குதிப்பேன் என்று மகள் சொன்னால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும், நீயே சொல். சின்ன வயதில் உன்னை வாலு வாலு என்று கூப்பிட்டதற்கு இதுவா கைம்மாறு?

துணிக்கடைக்காரர் என்னைக் கண்டதும் வழக்கம்போல நீலத் துணிக் கட்டை இறக்கினார். அது வேண்டாம், பளபளவென்று தண்ணீருக்குள் போடுகிற மாதிரி வேண்டும் என்றேன். என்னண்ணே, ஸ்கூல் யூனிஃபார்ம மாத்திட்டாங்களா என்று கேட்டார். கடற்கன்னிக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, நாடகத்துக்கு என்று சொல்லிவைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வாங்கி வந்து, நீச்சல் குளத்துத் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து வாளியில் ஊறப்போட்டேன். சமிக்கி வைத்த பச்சை ஒன்று கண்ணைப் பறித்தது, நீ பார்த்திருந்தால் விட்டிருக்கவே மாட்டாய், ஆனால் கையில் நாலு தரம் தேய்த்ததுமே எனக்குத் தோல் சிவந்துவிட்டது. வெல்வெட் தண்ணீரைக் குடித்துக் குடித்து, தூக்கும்போது மணிக்கட்டு வலித்தது. சாட்டின் இழுபடவே மாட்டேன் என்றது. வெள்ளி நிறத்தில் ஒன்று அகலத்தில் இழுபட்டது, நீளத்தில் இழுபடவில்லை, நீ முட்டியை மடக்கினால் அது இடுப்பைப் பிடித்துக் கீழே இழுக்கும். வெளிர் நீலம் ஒன்று எல்லாவற்றிலும் தேறிவிட்டது என்று சந்தோஷமாக விரித்து இழுத்துப் பிடித்தால், அந்தப் பக்கம் அம்மா சிரிப்பது தெரிகிறது! கடைசியில் நீச்சல் உடை தைக்கிற நைலான், அதிலும் தடிமனானது, எந்தப் பக்கம் இழுத்தாலும் நீண்டு திரும்பி வருகிறது, சாயம் போகவில்லை, பிழிந்தால் சட்டென்று தண்ணீரை விட்டுவிடுகிறது. கரும்பச்சையில் லேசாகச் செதில் போட்டிருக்கிறது. பளபளப்பு கொஞ்சம் குறைவுதான், கோபித்துக்கொள்ளாதே.

துணியைச் சரியாக எடுத்தேன், தைத்ததில்தான் கோட்டை விட்டேன். காலமெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தைத்த கை அல்லவா? வளர்ற பிள்ளைக்கு இருக்கட்டும் என்று சுற்றிலும் இரண்டு விரல் விட்டு வெட்டினேன், உள்ளே லைனிங் கொடுத்தேன், இடுப்பு நழுவக் கூடாது என்று நாடா கோத்தேன், எல்லாம் டபுள் தையல். நீயும் அம்மாவும் ஒரே அளவு என்பதால் அம்மா போட்டுப் பார்த்தாள். அடுத்த வருஷமும் போட்டுக்கலாம் போலிருக்கே என்று கிண்டல் வேறு. மறுநாள் குளத்துக்குப் போனோம். லைஃப்கார்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே சரி என்றார். ஆழமில்லாத பக்கம்தான், உனக்கே நீச்சல் சொல்லிக்கொடுத்தவள்தான், ஆனால் இறங்கி நாலு உதை உதைப்பதற்குள் இடுப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து வால் உப்பிப்போய், அவளைக் கீழே இழுத்தது. தலை உள்ளே போனது. நாடா நனைந்து முடிச்சு இறுகிவிட்டது, அவள் விரல் அதைப் பிய்ப்பதை நான் கரையிலிருந்து பார்க்கிறேன். நீந்தத் தெரியாதவன் செருப்போடு குதித்தேன், கழுத்தில் டேப்பு தொங்குகிறது, லைஃப்கார்டு அவள் தோளைத் தூக்க, சட்டைப் பையில் இருந்த நூல் கத்திரியால் நாடாவை வெட்டினேன். அம்மா மேலே வந்து இருமிவிட்டு, மூட்டை கட்டிட்டீங்களே என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன். தண்ணீருக்குள் அம்மா இருந்த இடத்தில் எனக்கு நீயே தெரிந்தாய். அன்று மாலைதான் உனக்குப் போன் செய்து துணி கிடைக்கவில்லை என்றேன்.

நான் உன்னிடம் பொய் சொன்னது தெரிந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். நீங்க தைக்கலன்னா அவ சும்மா இருப்பாளா, எவனோ தச்சதப் போட்டுக்கிட்டுக் குதிப்பா, அவனுக்கு நம்ம பொண்ணப் பத்தி என்ன கவலை என்றாள். அடுத்த நாள் புது மாவு மூட்டையைப் பிரிக்கச் சொன்னாள். மூட்டையின் வாயைத் தைத்திருந்த நூலின் நுனியைப் பிடித்து ஓர் இழு இழுத்தேன், சர்ரென்று மொத்தத் தையலும் கையோடு வந்துவிட்டது. வெறும் நூலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அடுப்பில் ஏதாவது தீயுதா, ஏன் இப்படி நிக்கிறீங்க என்று அவள் கேட்டது பிறகுதான் காதில் விழுந்தது.

இப்போது உன் கையில் இருப்பது இரண்டாவது வால். உடம்பைவிடச் சிறியதாக வெட்டியிருக்கிறேன், வாழ்க்கையில் முதல் தடவை, கத்திரி வைக்கவே மனசு வரவில்லை. லைனிங் இல்லை, நாடா இல்லை, ஜிப் இல்லை, இடுப்பில் மெல்லிய எலாஸ்டிக் மட்டும். இடது பக்கம் மெஷின் தையல். வலது பக்கம் இடுப்பிலிருந்து துடுப்பு வரைக்கும் கையால் போட்ட சங்கிலித் தையல், அந்த மூட்டைத் தையலேதான். இடுப்பில் கைக்கு எட்டுகிற அதன் நுனியில் சிவப்பு வளையம், தானாக அவிழாமல் இருக்க ஒரு பிரஸ் பட்டனில் மாட்டியிருக்கிறேன். வேகமாக இழுத்தால் பட்டன் விட்டுக்கொடுக்கும், பக்கம் முழுவதும் திறந்துகொள்ளும். அம்மா மறுபடியும் இறங்கி இழுத்தாள், இரண்டு காலும் வெளியே வந்துவிட்டன, லைஃப்கார்டு கை தட்டினார். அதைத் திரும்பத் தைத்துத்தான் அனுப்புகிறேன். இருந்தாலும் ராத்திரி படுத்தால் ஆயிரம் யோசனை. நடுக் காட்சியில் தானாகப் பிரிந்தால் மானம் போகுமே, அதனால் உள்ளே நீச்சல் உடையை முழுதாகப் போட்டுக்கொள். தொட்டியில் உனக்குத் துணைக்கு இறங்குகிறவருக்கு வளையத்தைக் காட்டிவை. அவர் இல்லாத அன்று இறங்காதே, யார் சொன்னாலும் இறங்காதே. முதலில் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பழகு.

இன்னொன்றுதான் என்னை அரிக்கிறது. பள்ளியில் பாவாடைத் தையல் பிரிந்தால், நான் வருத்தப்படுவேன் என்று சொல்லாமல், ஊக்கைக் குத்திக்கொண்டு சாயங்காலம் வரை இருப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீருக்குள் அப்படி இருந்துவிடாதே மகளே. அப்பா கண் வலிக்கத் தைத்தது, எல்லாரும் பார்க்கிறார்கள், இன்னும் கொஞ்சம் சமாளிப்போம் என்று ஒரு மூச்சுகூட யோசிக்காதே. இழுத்துவிடு. மனசு சரியில்லை என்றாலும் இழுத்துவிடு.

நல்லா இரு, நீண்ட ஆயுசோடு இரு, ஆசைப்பட்டபடி நீந்து. அம்மா தனியாக எழுதுவாளாம், காது சொட்டு மருந்தை மறக்காதே என்று மட்டும் சொல்லச் சொன்னாள். முதல் நாள் கரையேறியதும் தலை துவட்டுவதற்கு முன்னால் போன் பண்ணு. பிரிந்த வாலை அப்படியே சுருட்டி அனுப்பிவிடு, எத்தனை தடவை வந்தாலும் தைத்துத் தருகிறேன்.

மெஷினுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு காத்திருக்கும்
உன் அப்பா