வெறும் ஸ்வெட்டர்

டிசம்பர் 3

அகில உலக அட்டைப்பெட்டிச் சக்கரவர்த்தி தன் ஒரே மருமகளுக்கு எழுதும் திருமுகம்.

இங்கே எல்லாம் நலம். இடுப்புவலி மட்டும் தன் ராஜ்ஜியத்தை முழங்கால்வரை விரிவுபடுத்தியிருக்கிறது. நேற்று ஒரு பேராசிரியர் வீட்டுச் சாமான்களைக் கட்டினோம். புத்தகம் மட்டும் இருநூறு பெட்டி, வீடு ஏழாவது மாடி, லிப்ட் வேலைநிறுத்தம். நான் இறக்கிய பாரத்தைப் பார்த்திருந்தால் ஒட்டகம் தன் வேலையை ராஜினாமா செய்திருக்கும்.

உன் எட்டாவது வயது கிறிஸ்துமஸ் ஞாபகமிருக்கிறதா? பிரிட்ஜ் பெட்டிக்குள் டிவி பெட்டி, அதற்குள் மிக்ஸி பெட்டி, அப்படியே இறங்கி ஏழாவதாக ஒரு தீப்பெட்டி, அதற்குள் உன் கம்மல். நீ பிரித்து முடிப்பதற்குள் புத்தாண்டு வந்துவிட்டது. காகிதக் குப்பையில் காணாமல்போன உன் அம்மாவை மூன்றாம் நாள்தான் தோண்டி எடுத்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் மகளுக்குப் பரிசு அனுப்பப் போகிறேன். உன் கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன மகாராணி, பன்னிரண்டு வருடமாக என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று கடவுளுக்கே இன்னும் தகவல் போகவில்லை. நீ அவளுக்கு இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கிறாய்? என்ன வேண்டும் என்று நைசாக விசாரி. யானை கேட்டாலும் சரி, அதற்கேற்ற பெட்டி என்னிடம் உண்டு.

முழங்கால் நீங்கலாக மற்றெல்லாம் திடமான
உன் தாய்மாமன்

டிசம்பர் 9

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் பரிசு தேடி அலைந்துகொண்டிருக்கிறேன். பெரியவள் பைனாகுலர் கேட்கிறாள். சின்னவன், “ஒரு தம்பி, இல்லாட்டி ஒரு நாய்” என்கிறான். கடையில் பைனாகுலரை வண்ணக் காகிதத்தில் சுற்றித் தரவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று எழுதுகிறேன், கோபப்படாதீர்கள்.

உங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை ஆஸ்பத்திரியில். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் கேட்டது ஒன்றுதான்: அம்மா வீட்டுக்கு வர வேண்டும். நீங்கள் ஏழு பெட்டி கட்டிவைத்தீர்கள். கடைசிப் பெட்டியில் ஒரு சீட்டு, ‘கதவுக்குப் பின்னால் பார்’ என்று. அவள் ஓடினாள். அங்கே அத்தையின் பச்சைச் சேலையைக் கட்டி, முக்காடு போட்டுக்கொண்டு நீங்கள் நின்றீர்கள். இடுப்பைக் கட்டிப்பிடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். வீடே சிரித்தது. எனக்குப் பதினான்கு வயது, நானும் சிரித்தேன். நான்காம் நாள் அத்தை போய்விட்டார்கள்.

என் கல்யாணத்தில் அதையே வேடிக்கைக் கதையாக, சேலைக்காரி நடை நடந்து காட்டிச் சொன்னீர்கள். அவள் எழுந்து போனது அப்போதுதான்.

அவளிடம் கேட்டேன். “ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிடுங்க அண்ணி” என்றாள். நான் விடவில்லை. கடைசியில், “குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வேணா அனுப்பச் சொல்லுங்க. வெறும் ஸ்வெட்டர்” என்றாள்.

மாமா, பெட்டி வேண்டாம். சீட்டு வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உங்கள் மருமகள்

டிசம்பர் 13

நீதிபதி மருமகளுக்கு,

குற்றப்பத்திரிகை கிடைத்தது. ஒரு திருத்தம்: அன்றைக்கு அவளும் சிரித்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

போகட்டும். ஸ்வெட்டர் கேட்டாளே! அந்த வரியை நான் படித்த எண்ணிக்கைக்கு எழுத்து தேய்ந்து காகிதத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. உடனே கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண், “உங்க பொண்ணு என் அளவு இருப்பாங்களா சார்?” என்றாள். நான் யோசித்துவிட்டு என் இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினேன். “குழந்தைங்க பிரிவு மேல் மாடியில சார்” என்றாள்.

மேலே ஏறும்போது பாதிப் படியில்தான் கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு வயது. இறங்கி வந்து, உன் உயரத்தைச் சொல்லி ஒன்று வாங்கினேன். சாம்பல் நிறம். பெட்டி இல்லை, காகிதம் இல்லை, ரிப்பன் இல்லை. கடைப் பையோடு உன் முகவரிக்கு அனுப்புகிறேன். பெட்டி கட்டுகிற நான் பெட்டியில்லாமல் பரிசு அனுப்புவது மீன் குடை பிடிப்பது மாதிரி. இருந்தாலும் சத்தியமாக உள்ளே ஒன்றும் இல்லை. நீயே உன் கையால் கொடு. அவள் போட்டுப் பார்த்தாளா என்று மட்டும் எழுது.

திருந்திய கிரிமினல்
உன் மாமன்

டிசம்பர் 26

அன்புள்ள மாமா,

நேற்றுக் காலை கொண்டுபோனேன். கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அப்பா அனுப்பினதா?”

“ஆமா. நீ கேட்ட ஸ்வெட்டர்தான்.”

“உள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லடி. நானே பார்த்துட்டேன்.”

பையைத் தலைகீழாகக் கொட்டினாள். ஸ்வெட்டரின் இரண்டு கையையும் உதறினாள். பாக்கெட்டுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். கழுத்துப்பட்டையின் மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்த்தாள், மாமா. ஒன்றும் இல்லை. அப்புறம், என்ன நினைத்தாளோ, திரும்பித் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஆனா இதை வீட்ல வெச்சிக்கிட்டு என்னால தூங்க முடியாது” என்று சொல்லி, அழகாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்

ஜனவரி 4

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் வந்தது.

நான் சேலை கட்டிய அந்தக் கிறிஸ்துமஸ் அன்று காலை டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், “இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற பேச்சு வேண்டாங்க” என்றார். மகளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாசலிலேயே, “அம்மா எப்பப்பா வரும்?” என்றாள். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதானே? பெட்டிகளை எடுத்தேன்.

அவள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். ஒரு நொடி நிஜமாகவே நம்பினாள். அந்த நொடி எனக்கும் நிஜமாக இருந்தது. அப்புறம் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்தது நீங்கள் எல்லோரும்தான். இது எனக்கு அன்றைக்கே தெரியும். வேடிக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் அது வேடிக்கையாகவே ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இதை அவளிடம் சொல்லாதே. சொன்னால் என்மேல் இரக்கப்பட வேண்டியிருக்கும். அதையும் ஏன் அவள் தலையில் வைக்க வேண்டும்?

ஸ்வெட்டரை நீ போட்டுக்கொள். உன் உயரத்துக்குத்தான் வாங்கினேன். அடுத்த வருடம் என் பெயரைச் சொல்லிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகாதே. நான் கேட்டாலும் போகாதே. டிசம்பர் மாதம் கதவைத் தட்டுவது நீ என்றால் அவள் பயப்படாமல் திறக்க வேண்டும்.

மாமா