சக்கைக்கொட்டை வெடித்த பெட்டி

தேங்காய்ப்பட்டணம்

அன்பு மகள் லிஜிக்கு, இயேசுவுக்குப் புகழ். மாதாவின் தயவால் நானும் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாய் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அப்பாவே எழுதுகிறேன் மக்கா, யாரும் எழுதித் தரவில்லை. கோவில் மண்டபத்தில் நேசபாய் டீச்சர் நடத்தும் மாலை வகுப்புக்குப் போய் எழுத்தெல்லாம் பிடித்துவிட்டேன், ‘ஞ’ மட்டும் பிடித்த விலாங்கு மாதிரி இன்னும் நெளிகிறது. போனில் அம்மாவே எல்லாம் பேசிவிடுகிறாள், எனக்கு முறை வருவதில்லை. அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் சிஜோவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் புகையும் சூடும் ஆகாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, நர்ஸ் பரீட்சையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாயே, அதிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். நான் சமைத்து அவள் சாப்பிட்டுவிட்டால் நீ வரவேண்டாமே. நீ வாங்கி வைத்த மைக்ரோவேவ் பெட்டியை அம்மா அப்பளமும் பிஸ்கட்டும் வைக்கும் அலமாரியாக்கி வைத்திருந்தாள், எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அதன்மேல் நீ ஒட்டிவிட்டுப் போன தாளை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். எவர்சில்வர் கூடாது என்று இருந்தது. நம் வீட்டில் எவர்சில்வரை விட்டால் வேறு என்ன இருக்கிறது. ஷோகேஸ் தட்டுக்குத் தங்கக்கோடு, அதுவும் ஆகாதாம். கடைசியில் கோடில்லாத கண்ணாடிக் கிண்ணம் ஒன்று கிடைத்தது, அதில் கஞ்சியைச் சூடாக்கி நடுவில் நிறுத்திக் கிளறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கரண்டுல வெந்ததத் தின்னா எனக்கு வயித்துக்குள்ள மின்னும், நீங்களே குடியுங்க” என்றாள். வெறும் சாயாவும் பன்னுமாகவே இருந்தாள், நான் வெளியே போன நேரம் பார்த்து அடுப்பு ஊதவும் போனாள்.

அவளுக்குச் சக்கைக்கொட்டை பிடிக்குமே, அதையாவது தின்பாள் என்று, பலாப்பழம் தின்று காயவைத்திருந்த கொட்டைகளை அப்படியே பெட்டிக்குள் வைத்தேன். முட்டையை முழுசாக வைக்காதே என்று நீ எழுதியிருந்தாய், கொட்டையைப் பற்றி ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் படபடவென்று வெடிக்கத் தொடங்கிவிட்டது. கதவைத் திறக்காமல் சுவிட்சை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பக்கத்து வீட்டுச் சகாயம் ஓடிவந்து, “ஏலே ததேயு, கோவில் கொடியேத்து நாளைக்குத்தானே, இன்னைக்கே அடுக்களையில வெடி போடுதியா” என்று கேட்டான். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணை அமுக்காதே என்று நான் கத்தவேண்டியதாயிற்று. பிறகு சொல்கிறாள், “ஏ மனுசா, கொட்டைய ஒரு கீறு கீறிப் போடாண்டாமா? அடுப்புலயும் அது தெறிக்குமே!” அடுப்பில் தெறிப்பதுதான் இதிலும் தெறிக்கிறது என்று கண்டதும் அவளுக்குப் பெட்டி மேல் இருந்த பயம் போய்விட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அதிகாரம் தொடங்கினாள். உள்ளே எல்லாம் ஆறினபின் துடைத்தேன், கொட்டைகளைக் கீறித் தண்ணீர் தெளித்து வைத்தேன். அப்புறம் சாளை மீனையும் கீறி, தேங்காய் அரைத்து ஊற்றி, மூடியைக் கொஞ்சம் திறந்த மாதிரி வைத்து வேகவைத்தேன். கிண்ணத்தைத் துணி பிடித்துத்தான் எடுத்தேன், பயப்படாதே. உப்பு போதாது, புளி கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தை வழித்துவிட்டு, நாளைக்கு நெத்திலி வாங்குங்க என்றாள். எனக்குக் கொட்டை மட்டும்தான் மிஞ்சியது.

உன் அறையிலும் இந்தப் பெட்டி இருக்கிறதாமே. ராத்திரி டியூட்டி முடிந்து தூக்கக் கலக்கத்தில் டப்பாவை இறுக மூடியபடி உள்ளே வைக்காதே, ஆவி அடித்துவிடும். வெளியே எடுத்ததும் வாயில் வைக்காதே, கொஞ்சம் ஆறட்டும். மாதா உன்னைக் காப்பாள், நல்ல மார்க் வாங்குவாய்.

பரீட்சையை விட்டுவிட்டு வந்தால் கதவு திறக்கமாட்டேன் என்று அம்மா எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். நான் திறந்துவிடுவேன் மக்கா. ஆனாலும் எழுதிவிட்டே வா.

முத்தங்களுடன்
உன் அப்பா
ததேயுஸ்