வாசல் நிலைக்குப் பெயிண்ட்

புதன், இரவு.

எங்கள் குடும்பம் இன்று ஒரு மாபெரும் முடிவை எடுத்தது. புதுவீட்டு வாசல் நிலைக்கு வார்னிஷ் கிடையாது, கரும்பழுப்பு பெயிண்ட்.

மாமனார் மகளுக்கென்றே பல்லடம் தோட்டத்தில் வளர்த்த தேக்கு. சொட்டுநீர், கோழி எரு, எதிலும் குறை வைக்கவில்லை. போன வாரம் அறுத்தால் முழுக்க வெளுப்பு. கறுத்துக் கெட்டிப்பட்ட வைரம் நடுவில் மணிக்கட்டு அளவுதான்.

"தண்ணியும் எருவும் மிஞ்சிப் போச்சுங்க. பெருத்த வேகத்துக்கு வைரம் ஏறலீங்க. வெள்ளையில கரையான் புடிக்கும்" என்றார் ஆசாரி.

வெள்ளிக்கிழமை நிலை வைக்கிறோம். மரத்தின் பெருமையை மாமனார் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"அப்பங்கிட்ட மூச்சு உட்டீங்க, நான் அந்த ஊட்டுல கால் வெக்க மாட்டேன். அவருக்கு நெஞ்சு தாங்காதுங்க" என்றாள் மனைவி.

பெயிண்ட் காய்ந்ததும் மாலையில் மாமனார் வந்தார். நிலையைத் தடவினார். நகத்தால் கீறப் போனார். மனைவி காப்பித் தம்ளரை அந்தக் கையிலேயே கொடுத்தாள்.

"கருங்காலியாட்டம் இருக்குதுங்க மாப்பிள்ளை! எல்லாம் தண்ணி செஞ்ச வேலை."

வீடு சேர்ந்ததும் போன் செய்தார். சின்ன மகளுக்கென்று நிற்கும் தேக்குகளுக்கு நாளையிலிருந்து இரண்டு வேளையும் தண்ணீர்.