அம்மாவைப் பேச வைத்தல்

8 ஜூலை, திங்கள்

விடாத மழை. குடை கம்பி உடைந்தது. துணி காயவில்லை.

ஸ்பானிஷ் இலக்கண வகுப்பு. வெள்ளிக்கிழமை என் செமினார். 

தலைப்பு நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது. ஸ்பானிஷில் ‘வீட்டைப் பார்த்தேன்’ என்றால் ஒன்றும் சேர்க்க வேண்டாம். ‘அம்மாவைப் பார்த்தேன்’ என்றால் அம்மாவுக்கு முன்னால் ஒரு ‘ஆ’ வர வேண்டும். ஆளுக்கு அடையாளம், பொருளுக்கு இல்லை. தமிழிலும் அப்படித்தானே சார் என்றேன். ‘இட்லி வித்தேன்’ என்போம். ‘அப்பா கூப்பிட்டேன்’ என்போமா? ‘அப்பாவ கூப்பிட்டேன்’ என்றால்தான் சரி. சார் குஷியாகிவிட்டார். வீட்டில் சாதாரணமாகப் பேசுவதைப் பதினைந்து நிமிடம் பதிவு செய், வெட்டாமல் ஒட்டாமல் கொண்டு வா, வகுப்பில் போட்டுக் கேட்போம் என்றார்.

வகுப்பில் தமிழ் புரிகிற ஒரே ஆள் ஹேமா. பாலக்காட்டுக் குடும்பம், மும்பையில் வசதியான தமிழர்கள் இருக்கும் மாட்டுங்காவில் மூன்று தலைமுறை. நானும் மாட்டுங்கா என்று முதல் நாளே அவளிடம் சொல்லித் தொலைத்தேன். தினமும் அவளோடு மாட்டுங்காவில் இறங்கி, மார்க்கெட் வரை நடந்து, டாட்டா காட்டி, அவள் மறைந்ததும் திரும்பி வந்து ஸ்டேஷன் பாலம் ஏறி இந்தப் பக்கம் தாராவியில் என் வீடு. ஒரு வருடமாக இதே கூத்து.

அம்மா வாய் திறந்தால் போதும். திருநெல்வேலியும் தாராவியும் சேர்ந்து கொட்டும்.

9 ஜூலை, செவ்வாய்

மழை கொஞ்சம் விட்டது. சோப்பு, பென்சில், குடைக் கம்பி வாங்க வேண்டும்.

போனை நீட்டி “சும்மா பேசும்மா” என்றேன். அம்மா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். குரல்தான் பதிவாகும் என்றால் கேட்கவில்லை.

“உங்க சாரு கேப்பாருல்லா. மரியாத வேண்டாமாட்டி?”

நிமிர்ந்து உட்கார்ந்து டி.வி. செய்தி மாதிரி ஆரம்பித்தாள்: “வணக்கம் ஐயா. நான் காலையில் எழுந்தேன். அரிசியினைக் களைந்தேன். மாவினை அரைத்தேன்.” எல்லாவற்றுக்கும் ‘ஐ’, எல்லாவற்றுக்கும் ‘இனை’. என் செமினாருக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை.

சைக்கிளில் இட்லி விற்றுவிட்டு வந்த அப்பாவிடம் முயன்றேன். “நமஸ்தே சார்” என்று ஹிந்தியில் தொடங்கிவிட்டார்.

சிரிப்பு வந்தது. பிறகு பயம்.

10 ஜூலை, புதன்

காலையில் குழாயடி. அம்மாவும் பக்கத்து வீட்டுத் தங்கம் அக்காவும். ஜன்னலில் போனை வைத்துப் பதிவை ஓட விட்டுக் குளிக்கப் போனேன். திருட்டு வேலை. பிறகு கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம்.

அருமையான தமிழ். ‘தண்ணி பிடிச்சேன்’, ‘அவன ஏசினேன்’, ‘மாவு ஆட்டுனேன்’. குறித்துக்கொண்டே போனேன். நடுவில் தங்கம் அக்கா கேட்கிறாள், அம்மா பதில் சொல்கிறாள்:

“என்னக்கா, இவ அப்பா இப்ப மாட்டுங்கா பக்கம் இட்லி கொண்டுட்டுப் போறதில்லையோ?”

“ஆண்டாப் ஹில்லுக்குத்தாம் போறாவ. இவதாம் அவிய அப்பாவ அந்தப் பக்கம் போவாதீயன்னுட்டா. டிராபிக்காம். காலேஜில வீடு மாட்டுங்கான்னு சொல்லி வச்சிருக்கா போல. சொல்லிட்டுப் போறா. எம்புள்ளய ஒருத்தரும் எளக்காரமாப் பாத்துரக் கூடாது.”

பிறகு தண்ணீர்ச் சத்தம். குடம் மாற்றும் சத்தம்.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். அம்மாவுக்கு எத்தனை மாதமாகத் தெரியும்? அப்பாவுக்குமா? டிராபிக் என்று நான் சொன்னபோது அவர் சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

11 ஜூலை, வியாழன்



மறுபடி பதிவு செய்யலாம் என்றால் போனைப் பார்த்ததும் அம்மா “வணக்கம் ஐயா”. வெட்டலாம் என்றால் சார் கண்டுபிடித்துவிடுவார், மார்க் போகும். வெட்டாவிட்டால் ஹேமாவுக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவிடம் சொன்னேன், குழாயடிப் பேச்சு பதிவாகிவிட்டது, வகுப்பில் போடலாமா என்று.

“பேசுனது அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

உளுந்தைக் களைந்துகொண்டே இருந்தாள். “ஒம் படிப்புக்கு ஆவும்னா போட்டுக்கோ” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

12 ஜூலை, வெள்ளி

மழை. டிரெயின் லேட். லேட்டாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பதிவைப் போட்டேன். எழுதிக் காட்டிய வாக்கியங்களில் மாட்டுங்கா பேச்சு வரும் இடத்தில் மட்டும் புள்ளி, புள்ளி, புள்ளி. சார் விடுவாரா? நிறுத்தச் சொன்னார். “ஹேமா, உனக்குத் தமிழ் தெரியுமே, கேட்டுச் சொல்.”

ஹேமா ஹெட்போனை மாட்டினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. நான் அவள் காதுத் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

“தண்ணீர்ச் சத்தம் சார், ஒன்றும் கேட்கவில்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கழற்றி வைத்தாள்.

சார் நல்ல வேலை என்றார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

டிரெயினில் ஹேமாவோடுதான் வந்தேன். மாட்டுங்காவில் இறங்கியதும் மார்க்கெட் பக்கம் திரும்பினேன், வழக்கம்போல. அவள் திரும்பவில்லை.

“அந்தப் பக்கம் வேண்டாம்டி. பாலம் ஏறலாம் வா. உங்கம்மாவ பாக்கணும் எனக்கு.”

“இன்னிக்கு வேண்டாம் ஹேமா.”

“ஏன்? மாவு ஆட்டிண்டிருப்பாளா? பரவால்ல.”

பாலம் ஏறி இறங்கினோம். மழையில் சந்து முழுக்கச் சேறு. ஹேமா சல்வாரைத் தூக்கிப் பிடித்து நடந்தாள். போன் செய்து அம்மாவை எச்சரிக்கக்கூடத் தோன்றவில்லை.

வாசலில் நின்றோம். அம்மா கிரைண்டரை நிறுத்தினாள். முழங்கை வரை மாவு. என்னைப் பார்த்தாள், ஹேமாவைப் பார்த்தாள். “அம்மா, இது ஹேமா, காலேஜு” என்றேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“வாருங்கள். அமருங்கள்” என்றாள், அதே செய்திக் குரலில். “இது நாங்கள் மாவு அரைக்கும் இடம். எங்கள் வீடு மாட்டுங்காவில் இருக்கிறது.”

அவள் தலைக்கு மேல் கொடியில் என் சுடிதார்கள்.

“அப்படியா மாமி” என்று சொல்லிவிட்டு ஹேமா தரையில் உட்கார்ந்தாள். அம்மா டம்ளர் கழுவப் போனாள், நிம்மதியாக. நான் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.