திரும்பி ஏறிய மின்சாரம்

ஆகஸ்ட் 6

இன்றும் பகல் முழுக்க கரன்ட் இல்லை. நாட்டுக்கே மின்சாரம் தரும் கரிபா அணை வற்றிக்கிடக்கிறது. எங்கள் ஊர் லுவான்ஷா பூராவும் கரி அடுப்புப் புகை.

மின்சாரக் கம்பெனியின் புதுத் திட்டத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள். யார் கூரையில் சோலார், யார் வீட்டில் பேட்டரி என்று தேடிப் பிடிக்க வேண்டும். கரன்ட் போய் ஊர்க்கம்பி செத்தால் வீட்டை அதிலிருந்து தானே அறுத்துவிடும் பெட்டி ஒன்றை மாட்ட வேண்டும். அதன்பின் அவர்களுடைய மிச்ச மின்சாரத்தை நாங்கள் வாங்கிக்கொள்வோம். துணை மின்நிலையத்தில் ஒரு பெரிய பேட்டரியும் வரப்போகிறது. ரொம்ப நாளுக்கப்புறம் சந்தோஷமாக வேலைக்குப் போனேன்.

வண்டியில் லைன்மேன் கபாசோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? அவர் பெம்பா, நான் ங்கோனி; பார்த்த இடத்தில் கேலி பேசிக்கொள்வது இரண்டு கூட்டத்துக்கும் பழைய முறை. "கூரை பாக்குற வேலைக்கு ங்கோனிக்காரிதான் சரி. எலி எங்க ஓடுதுன்னு எலி தின்கிறவங்களுக்குத்தானே தெரியும்!"

"பெம்பாக்காரங்க குரங்கு தின்கிறவங்க. மாமிசம் தேடித்தானே அண்ணே, நீங்க கம்பத்துல ஏறுறீங்க?"

டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான்.

ஆகஸ்ட் 18

ஊருக்கு வெளியே இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். டியோங்கே அக்காவின் குஞ்சு பொரிக்கும் கொட்டகையில் இப்போது கூரை நிறைய சோலார் தகடுகள். ஜூன் மாதம் கரன்ட் இல்லாமல் முட்டையெல்லாம் கூமுட்டையானதை நினைத்தால் இன்றைக்கும் அழுகிறாள். மாமா போனபின் அவளுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

"மாத்துற ஸ்விட்ச் போட்டியாக்கா? நம்ம கரன்ட் கம்பிக்குத் திரும்பிப் போகக் கூடாது."

"போட்டாச்சு, போட்டாச்சு. வந்த எடத்துலயும் ஆபீஸ் பேச்சா? கபென்டா மீன் பொரிச்சிருக்கேன், சாப்பிடு."

எங்கள் திட்டத்தின் முதல் வீடாக அவளுடையதைக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

செப்டம்பர் 23

வண்டியிலிருந்த எர்த் ராடுகளைத் திருடிவிட்டார்கள். செம்புக்காகத்தான். நாங்கள் வேலை செய்யும் கம்பியைத் தரையோடு கட்டிப்போட அதைவிட்டால் வேறு கதி இல்லை. மேலதிகாரி சிச்சோனேயிடம் சொன்னேன். "பணமெல்லாம் புதுத் திட்டத்துக்குப் போகுது, மிஸ் ஜெரே. கொஞ்சம் சமாளிங்க."

எதை வைத்துச் சமாளிப்பது?

அக்டோபர் 30

வெயில். ராடு வரவில்லை. இன்று மறுபடியும் கேட்டேன்.

நவம்பர் 14

கபாசோ இறந்துவிட்டார்.

நவம்பர் 15

எழுதினால்தான் மனசு ஓரிடத்தில் நிற்கும் போலிருக்கிறது.

முதல் மழை. காற்றில் ஒரு கம்பம் சாய்ந்து, ஊருக்கு வெளியே போகும் கிளைக்கம்பி அறுந்தது. ஆட்கள் ஸ்விட்சைத் திறந்து எங்கள் பக்கத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். சோதித்தார்கள் — கம்பி செத்திருந்தது. சோதித்தது பொய்யில்லை. கபாசோ ஏறினார். கீழே நின்ற பையன்களிடம் ஏதோ கேலி பேசிக்கொண்டே ஏறினாராம். கம்பியைப் பிடித்த நேரத்தில் அதில் உயிர் வந்துவிட்டது.

எங்கிருந்து? ஸ்விட்ச் திறந்தேதான் கிடந்தது. பூட்டுப் போட்டிருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ஒரு துளி போகவில்லை.

அப்படியென்றால் அந்தப் பக்கத்திலிருந்து.

அந்தக் கிளையின் கடைசியில் இருக்கும் டிரான்ஸ்பார்மரில் இருப்பது ஒரே ஒரு வீடு. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 16

அக்கா வீட்டுக்குத் தனியாகப் போனேன். மீட்டர் பலகையைத் திறந்தேன். மாற்றுகிற ஸ்விட்ச் இல்லவே இல்லை. பேட்டரியிலிருந்து வரும் வயரை நேராக வீட்டுப் பலகையில் சொருகியிருந்தது. மெயினை அணைக்க மறந்தால் வீட்டு மின்சாரம் வெளியே போகும். டிரான்ஸ்பார்மரில் நுழைந்து, மறுபக்கம் பதினோராயிரம் வோல்ட்டாக எழுந்து, கம்பிக்கு ஏறும். பாரம் தாங்காமல் பேட்டரி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள சில நொடி ஆகும். கபாசோவுக்கும் சில நொடிதான்.

அக்கா கதவில் சாய்ந்து நின்றாள்.

"முட்டை குளுந்துபோச்சுடி. அவசரத்துல மெயினை மறந்துட்டேன். கம்பத்துல ஆள் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஸ்விட்ச் போட்டாச்சுன்னியே?"

"அந்த எலக்ட்ரீஷியன் வர்றேன் வர்றேன்னான்..."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வயரைக் கழட்டிடு. நீ ஒருத்திதானே பாத்த. ரெண்டு ஸ்க்ரூ. யாருக்குத் தெரியப் போகுது?"

ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப்பையில்தான் இருந்தது. கழற்றியிருக்கலாம். கழற்றியிருந்தால், ஆள் எப்படிச் செத்தார் என்றே யாருக்கும் தெரியாது. நாளைக்கு இன்னொருவர் இன்னொரு கம்பத்தில் ஏறுவார், சோதித்தேன், செத்திருக்கிறது என்ற நம்பிக்கையில். ஊரில் எத்தனை கூரை, எத்தனை வயர்.

அங்கேயே நின்று சிச்சோனேக்கு போன் செய்தேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நவம்பர் 17

சாவு வீடு. வாசலில் ஆண்கள் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் இரண்டு கூட்டத்துக்கும் இழவிலும் கேலி முறை உண்டு. ங்கோனிக்காரி வந்தால் பிணத்தைத் திட்டியாவது நாலு பேரைச் சிரிக்க வைக்க வேண்டும். கபாசோவின் தம்பி எழுந்து வந்து, "வந்துட்டாங்கப்பா எலிக்கூட்டம்! பேசுங்க அக்கா, அவன் காத்துக்கிட்டு இருக்கான்" என்றார்.

அவரைத் தாண்டி நடந்தேன். எந்த வாயால் கேலி பேசுவேன்?

உள்ளே பெண்களோடு தரையில் உட்கார்ந்தேன். கபாசோவின் மனைவி முவாபா என் தோளில் தலையை வைத்து அழுதாள். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். "எங்க அக்கா வீட்டு கரன்ட், முவாபா."

தலையை எடுத்துக்கொண்டாள். 

நவம்பர் 25

அறிக்கை கொடுத்தேன். வயர் பற்றி எழுதினேன். எர்த் ராடு இல்லாததையும் எழுதினேன் — கட்டியிருந்தால் திரும்பி வந்தது தரைக்கு இறங்கியிருக்கும், ஆள் பிழைத்திருப்பார்.

சிச்சோனே கடைசிப் பத்தியை விரலால் மறைத்துக் காட்டினார். "இது வேண்டாமே. குத்தம் யாருதுன்னு தெளிவா இருக்குல்ல. அக்காவையே காட்டிக் குடுத்த நேர்மைக்காரின்னு உங்களுக்கும் பேர்."

"அந்தப் பத்தி இல்லைன்னா முவாபாவுக்குக் கம்பெனி ஒண்ணும் தராது, சார்."

"அது உங்க கவலை இல்ல."

அந்தப் பத்தியை எடுக்க மாட்டேன் என்றேன். அவர் வேறொருவரை வைத்து வேறொரு அறிக்கை எழுதிக்கொண்டார்.

டிசம்பர் 2

அக்காவைக் கைது செய்தார்கள். கொட்டகைக்குப் பூட்டு. உள்ளே குஞ்சுகள் கத்துவது ரோடு வரை கேட்டது. போலீஸ் திறந்துவிட ஒப்பவில்லை.

டிசம்பர் 5

இப்போது கேட்கவில்லை.

டிசம்பர் 8

சொந்த ஊர் சிபாட்டாவிலிருந்து அம்மா போன். "எனக்கு ஒரே ஒரு பொண்ணுதான்னு ஊர்ல சொல்லிட்டேன்." எந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 21

வீடு வீடாகச் சோதித்து முடித்தோம். அக்கா செய்த மாதிரியே சொருகியிருந்த வயர்கள் பல தெருவில். மளிகைக் கடையில், சர்ச்சில், ஒரு போலீஸ்காரர் வீட்டில்கூட. எல்லாவற்றுக்கும் பெட்டி மாட்டியாயிற்று. இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால்? அவளுக்கு ஆறுதலா அது? எனக்குத்தான் ஆறுதல் தேவைப்படுகிறது.

மார்ச் 12

கோர்ட்டில் சாட்சி. அக்காவின் வயரைச் சொன்னேன். ராடு கேட்டதையும், கிடைக்காததையும் சொன்னேன். சிச்சோனே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது, "ரெண்டு பக்கமும் கொள்ளி வச்சிட்டா" என்று யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 3

அக்காவுக்கு ஒன்றரை வருடம் ஜெயில். முவாபாவுக்குக் கம்பெனி இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவு. என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பல்பும் ஃபியூஸும் எடுத்துக் கொடுக்கும் வேலை.

ஜூன் 19

துணை மின்நிலையத்துப் பேட்டரியை இன்று திறந்து வைத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. மாலையில் வழக்கம்போல மின்வெட்டு வந்தது. ஆஸ்பத்திரியிலும் அதைச் சுற்றியிருக்கும் தெருக்களிலும் விளக்கு அணையவில்லை. கூரைகளில் பகலில் பிடித்ததும் பேட்டரியில் சேர்த்ததும் ஒன்றாக ஓடுகின்றன. சரியாக வேலை செய்கிறது. நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஏன் அழுதேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 10

சிறைக்குப் போனேன். இதற்கு முன் போன தடவைகளில் அக்கா வந்து உட்காருவாள், டப்பாவை வாங்கிக்கொள்வாள், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவாள்.

இன்றும் வாங்கினாள். எழுந்தாள். அப்புறம் மறுபடி உட்கார்ந்தாள்.

"முவாபா எப்படி இருக்கா?"

"தக்காளி விக்கிறா. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகுது."

"என்கூடப் பேசுவாளா?"

"தெரியலக்கா. என்கூடவே பேசுறதில்ல."

தலையாட்டினாள். டப்பாவைத் திறந்து, ந்ஷிமாக் களியைப் பிய்த்து உருட்டி, பாதியை என் பக்கம் தள்ளினாள்.

"மெலிஞ்சிட்ட. சாப்பிடு."

மணி அடிக்கும்வரை சாப்பிட்டோம்.