கத்தி வைப்பதற்கு முன்

மார்ச் 3, திங்கள்

ஆபரேஷன் தியேட்டரில் கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படிக்க வேண்டும். யாருக்கு, எந்தப் பக்கம், என்ன ஆபத்து வரலாம் — இவ்வளவுதான். எங்களிடமோ அது, எல்லாம் முடிந்து டீ வந்த பிறகு, சிஸ்டர் தனியாக உட்கார்ந்து டிக் போடும் காகிதம். இன்று டீன் கூப்பிட்டு, "மயக்க மருந்து குடுக்கறவங்கதானே நீங்க, இதையும் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார். ஆளை மயங்க வைப்பது சுலபம். தலைமை சர்ஜனை நிற்க வைப்பது? அவருக்கு நாங்கள் வைத்த பெயரே எக்ஸ்பிரஸ்.

மார்ச் 6

கூட்டம் போட்டேன். பிஸ்கட் தீர்ந்தது. கூட்டமும் கலைந்தது.

மார்ச் 12

நானே உரக்கப் படித்தேன். முதல் வரியிலேயே எக்ஸ்பிரஸ் கையை நீட்டி, "கத்தி" என்றார்.

"சார், இன்னும் கொஞ்சம் இருக்கு."

"நீங்க படிங்கம்மா. நான்பாட்டுக்கு என் வேலையப் பாக்கறேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கத்தியைக் கொடுத்தாள். அவளைச் சொல்லி என்ன? ஆனா ஏன் நான் மட்டும் தொண்டை கிழியக் கத்தணும்? யாருக்கு வந்த விருந்தோன்னு எல்லாரும் நிக்கறாங்க.

வீட்டில் புலம்பினேன். இவர் கணக்கு வாத்தியார். பாதி கேட்டுவிட்டு, "கிளாஸ்ல அடங்காதவனத்தான் நான் லீடராக்குவேன்" என்றார்.

"அவருக்கு அறுபது வயசுங்க."

"இருக்கட்டுமே. படிக்கற வேலைய அவர்கிட்டயே குடு."

மார்ச் 14

கை கழுவிய சர்ஜன் காகிதத்தைத் தொட முடியாது. அதனால் கொட்டை எழுத்தில் எழுதி எதிர்ச்சுவரில் ஒட்டினேன். "சார், உங்க குரல்தான் கணீர்னு இருக்கு. நீங்க படிச்சாத்தான் எடுபடும்."

ஐஸ் வைக்கிறேன் என்று தெரிந்தேதான் படித்தார். முதல் வரி, எல்லோரும் பெயர் சொல்ல வேண்டும். ஆறு வருடமாகப் பக்கத்தில் நிற்கும் சிஸ்டரின் பெயரை இன்றுதான் கேட்டார். "அட, எம் பொண்ணு பேரும் அதான்" என்றார். அவள் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

மார்ச் 21

பித்தப்பை ஆபரேஷன், மூன்று பிள்ளைகளின் அம்மா. எக்ஸ்பிரஸ் வழக்கம்போல் கடகடவென்று படித்துவந்தவர், 'ரத்தம் அதிகம் போகுமா?' என்ற வரியில் நின்றார். "போகலாம். இவங்களுக்கு ஏற்கெனவே வயித்துல ஒரு ஆபரேஷன் ஆயிருக்கு, உள்ள ஒட்டிக்கிட்டிருக்கும். ரத்தம் ரெடிதானே?"

அவர் சொல்லியிருப்பார் என்று நான். நான் கேட்டிருப்பேன் என்று அவர். ஒரு பாட்டில்கூட இல்லை!

"வரட்டும். நிப்போம்" என்றார். எக்ஸ்பிரஸா சொன்னது? எல்லோரும் நின்றோம். வந்தது. ஆபரேஷனின் நடுவில் அவர் பயந்தபடியே ரத்தம் பீறிட்டது. ஏற்றிக்கொண்டே இருந்தேன். அது மட்டும் இல்லன்னா — வேண்டாம், எழுத மாட்டேன்.

சாயங்காலம் அந்த அம்மா கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி: "பசங்க சாப்டாங்களா?"

மார்ச் 24

இன்று யாரும் நினைவூட்டவில்லை. அவராகவே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

ஏப்ரல் 9, புதன்

விடுமுறை. துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன். எக்ஸ்பிரஸ், வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் செய்யப் போன இடத்திலிருந்து.

"ஏம்மா, சுவத்துல ஒட்டினீங்களே, அத போட்டோ புடிச்சு அனுப்புங்க. இங்க அவனவன் அவசரத்துல இருக்கான். படிக்காம கை கழுவவே மாட்டேன்னுட்டேன்."

ஒட்டிய அன்றே எடுத்த படம் போனில் இருந்தது, அனுப்பினேன். உடனே மறுபடி அழைத்தார். "கடைசி வரி தெரியல."

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? அதான் சார்."

போனை வைக்க மறந்துவிட்டார். அந்தக் கேள்வியை அவர் உரக்கத் திருப்பிக் கேட்பது காதில் விழுந்தது. பிறகு ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கி, "சார், எனக்கு ஒண்ணு…"

"சொல்லும்மா. மொதல்ல உம்பேரு என்ன?"